ஒரே உறைக்குள் இரண்டு மகேஸ்வரிகள்

விளையாட்டுப் பக்கத்துக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, உங்களுக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லி ஆசிரியர் கேட்டார். பிரிக்ஃபீல்ட்ஸ் அலுவலகத்தின் மாடியில் இருபத்தெட்டு ஆண்டு உட்கார்ந்து எழுந்தவள் நான். தலைப்பு வைப்பது, பக்கம் அமைப்பதெல்லாம் உங்களுக்கு நன்றாகவே தெரிகிறது. என்னைவிட வேகமாகவும் செய்கிறீர்கள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். இந்த நாட்டில் ஒரே பெயரில் எத்தனை பேர் ஓடுகிறார்கள், உதைக்கிறார்கள், எறிகிறார்கள், அவர்களில் யார் எவர் என்பது. அந்த வேலையில் என்னை மிஞ்ச ஆள் இருந்ததில்லை. தற்பெருமை என்றால் தற்பெருமைதான், இருந்துவிட்டுப் போகட்டும்.

கிள்ளானில் ஒரு கால்பந்துக் குழு இருந்தது. அதில் மூன்று குமார். பயிற்சியாளர் ஓரத்தில் நின்று "குமார், பின்னால வா" என்று கத்துவார். மூன்று பேரும் பின்னால் ஓடி வந்துவிடுவார்கள், முன்னால் ஆளே இருக்காது. கடைசியில் ஆட்டக்காரர்களே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அப்பா லோரி ஓட்டினால் லோரி குமார். அப்பா ரயில்வே என்றால் ரயில்வே குமார். அம்மா ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவன் ஊசி குமார். அச்சில் கே. குமார், எஸ். குமார் என்றுதான் வரும், ஆனால் என் நோட்டில் லோரியும் ரயிலும் ஊசியும் இருந்தன. ஒருவர் போட்ட கோலை நான் இன்னொருவருக்குத் தூக்கிக் கொடுத்ததே கிடையாது.

ஊர்களிலிருந்து போனில் செய்தி சொல்லும் நிருபர்களுக்கு என்மேல் கடுப்பு. "கோல் எத்தனன்னு கேக்கறதுக்கு முன்னாடி அப்பா பேரு என்ன, எந்தத் தோட்டம், எந்த ஸ்கூல்னு கேக்கறாங்க லா இந்த அம்மா. மாப்ள பாக்கப் போறாங்களா?" என்பார் சாலாக் செலாத்தான் பகுதி நிருபர். சிரித்துக்கொண்டே அப்பா பெயரை வாங்கிவிட்டுத்தான் போனை வைப்பேன்.

இந்தப் பழக்கம் எனக்குப் பிறவியிலேயே வந்தது என்று நினைத்துவிடாதீர்கள். வேலைக்கு வந்த முதல் இருபது ஆண்டில் என் தலைதான் என் நோட்டு. ஒரு பெண்ணின் தங்கப் பதக்கத்தைப் பிடுங்கி இன்னொரு பெண்ணின் கழுத்தில் போட்ட பிறகுதான் அப்பா பெயர் கேட்க ஆரம்பித்தேன்.

அப்போது கிள்ளானில் எம். மகேஸ்வரி என்று ஒரு பள்ளி மாணவி இருந்தாள். தடை தாண்டி ஓடுவாள். அவள் ஓடுவதைப் பார்த்தால் தடைகள் அவளுக்காகக் கொஞ்சம் குனிந்து கொடுப்பது போல இருக்கும். எங்கள் பக்கத்தின் செல்லப் பிள்ளை. என் மேசை இழுப்பறையில் படங்கள் வைத்திருக்கும் பழுப்பு உறைகளில் 'எம். மகேஸ்வரி' என்று எழுதிய உறைதான் தடிமன். ஒரு நாள் மாநில இளையோர் போட்டியின் முடிவுத் தாள் வந்தது. குண்டு எறிதல், தங்கம், எம். மகேஸ்வரி.

எனக்கு ஒரு நொடி இடறியது. அந்தக் கொத்தவரங்காய் குண்டைத் தூக்கினால் குண்டல்லவா அவளைத் தூக்கிக்கொண்டு போகும் என்று தோன்றியது. ஆனால் சந்தோஷம் இருக்கிறதே, அது கேள்வி கேட்க விடாது. நம் பிள்ளைக்கு எது வராது என்று ஒரு மிதப்பு. உறையைத் திறந்தேன், படத்தை எடுத்தேன், ஓடவும் தெரியும் எறியவும் தெரியும் என்று நான்கு பத்தி உருகி உருகி எழுதினேன். மறுநாள் காலை கிள்ளானில் ஒரு கோயில் கமிட்டி மாலையோடு அவள் வீட்டுக்கே போய்விட்டது.

அவள்தான் என்னை அழைத்தாள். "ஆன்டி, நான் குண்ட கையால தொட்டதுகூட இல்ல. அது டெங்கில்ல இருக்கற இன்னொரு மகேஸ். போட்டிக்குப் போனப்போ என்கூட ஒரே ரூம்ல இருந்தவ. மாலைய வேணான்னு சொல்லிட்டேன். அவளுக்குத்தான் ஆன்டி மனசு கஷ்டமா இருக்கும்."

நான் என்ன செய்தேன் தெரியுமா? உள்பக்கத்தில், வாடகை வீட்டு விளம்பரத்துக்கு மேலே, இரண்டு வரியில் திருத்தம் போட்டேன். படம் போடவில்லை. டெங்கில் பெண்ணுக்கு ஒரு போன்கூடச் செய்யவில்லை. இருபது வருஷம் தப்பே பண்ணாதவள் என்ற பெயர் எனக்கு அவ்வளவு ருசியாக இருந்தது. அன்று மாலை ஒரு நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் இரண்டு மகேஸ்வரிகளையும் எழுதினேன். மகேஸ்வரி மாரிமுத்து, கிள்ளான், தடை ஓட்டம். மகேஸ்வரி மாணிக்கம், டெங்கில், குண்டு எறிதல். நோட்டில் சரி செய்ததோடு கணக்குத் தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆறேழு வருஷம் போனது. இரண்டு பேருமே மாநில அணிக்கு வந்துவிட்டார்கள். ஓடுபவள் பெரிய நட்சத்திரம், தேசிய அணியில் இடம் கிடைத்து, வெளிநாட்டுப் போட்டிக்குப் புதன்கிழமை விமானம் ஏற இருந்தாள். எறிபவளை எறிதல் பார்க்கிற நாலு பேருக்குத்தான் தெரியும். அந்தப் புதனுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை மதியம், ஊக்கமருந்துத் தடுப்பு அலுவலகத்திலிருந்து மலாயில் மூன்று வரி அறிக்கை ஒன்று எல்லாப் பத்திரிகைகளுக்கும் வந்தது. சிலாங்கூர் மாநிலத் தடகள வீராங்கனை எம். மகேஸ்வரி ஊக்கமருந்துச் சோதனையில் தேறவில்லை, தற்காலிகத் தடை. அவ்வளவுதான். என்ன போட்டி என்று இல்லை, ஊர் இல்லை, அப்பா பெயர் இல்லை.

நான் சாப்பிட்டுவிட்டு மாடிப்படி ஏறி வருவதற்குள் இணையத்தில் நான்கு இடங்களில் செய்தி வந்துவிட்டது. நான்கிலும் கிள்ளான் மகேஸ்வரியின் படம். ஒரே படம். ஒருவரைப் பார்த்து ஒருவர் எடுத்துப் போட்டிருந்தார்கள்.

ஆசிரியர் என் மேசைக்கே வந்துவிட்டார். நல்ல மனிதர், ஆனால் பக்கம் முடிக்கும் நேரம் நெருங்கினால் வேறு ஆள். "பத்மா, எல்லாரும் போட்டுட்டாங்க. நாம மட்டும்தான் பாக்கி."

"இது எந்த மகேஸ்வரின்னு யாருக்கும் தெரியாது ஐயா. ரெண்டு பேர் இருக்காங்க."

"அறிக்கை கொடுத்தவங்களுக்கு போன் போடுங்க."

போட்டேன். வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து ஆட்கள் இன்னும் இருக்கைக்கு வரவில்லை. கடைசியில் ஒருவர் எடுத்து, சம்பந்தப்பட்ட அதிகாரி கிளம்பிவிட்டார், திங்கட்கிழமை பார்க்கலாம் புவான் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அடுத்த நிமிஷம் கிள்ளான் மகேஸ்வரியின் அழைப்பு. "ஆன்டி, என் படம் எல்லா வாட்சாப் குரூப்லயும் ஓடுது. திங்கக்கிழமை ட்ரெய்னிங்குக்கு வர வேணாம்னு கோச் சொல்லிட்டாரு. என் இடத்துக்கு வேற ஆள் பாக்கறாங்களாம். நான் ஒண்ணுமே எடுக்கல ஆன்டி. எனக்கு லெட்டர்கூட வரல."

"டெங்கில் மகேஸா?"

"தெரியல ஆன்டி. போன் எடுக்க மாட்டேங்கறா. ஆனா நான் அவ பேரச் சொல்ல மாட்டேன். தெரியாம எப்படிச் சொல்றது?"

இதை நன்றாகக் கவனியுங்கள் பிள்ளைகளே. அவளுடைய விமானமும் வேர்வையும் போய்க்கொண்டிருந்தன. ஒரு வார்த்தை சொல்லித் தப்பித்திருக்கலாம், சொல்லவில்லை. இருபத்து மூன்று வயதுப் பெண்ணுக்கு இருந்த நிதானம் அன்று மதியம் நான்கு செய்தித் தளங்களுக்கு இல்லை.

ஆசிரியரிடம் சொன்னேன். அவருக்கும் மனம் இளகியது. "அப்படின்னா, தடை செய்யப்பட்டவர் கிள்ளான் மகேஸ்வரி இல்லைன்னு போட்டுருவோம். நாமதான் முதல்ல போட்ட மாதிரியும் ஆச்சு, அந்தப் பொண்ணையும் காப்பாத்தின மாதிரி ஆச்சு."

"அவ இல்லன்னு போட்டா மிச்சம் இருக்கறது ஒரே மகேஸ்வரிதான் ஐயா. அந்தப் பொண்ணு வாயால ஒரு வார்த்த கேக்காம அவளக் கொண்டுபோய் நிறுத்தற மாதிரி ஆயிரும். இவ சொல்றத மட்டும் வச்சு நான் எழுத மாட்டேன். நான் டெங்கிலுக்குப் போறேன்."

"மணி மூணேகால். ஆறு மணிக்குப் பக்கம் அச்சுக்குப் போகணும். அதுக்கு மேல ஒரு நிமிஷம் கிடையாது."

"தெரியும் லா," என்று சொல்லிவிட்டுக் கார் சாவியை எடுத்தேன். ஆசிரியரிடம் நான் 'லா' போட்டுப் பேசியது அந்த ஒரு தடவைதான்.

பங்சார் பக்கமே வண்டிகள் நகரவில்லை. நெடுஞ்சாலையைப் பிடித்து, செம்பனைத் தோட்டங்களைத் தாண்டி, இரண்டு பேரிடம் வழி கேட்டு, டெங்கில் மகேஸ்வரியின் வரிசை வீட்டுக்குப் போய்ச் சேரும்போது நாலே முக்கால். வாசலில் ஒரு லோரி நின்றது. கதவைத் திறந்தவர் அப்பா மாணிக்கம். செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுபவர், கைகள் அதைச் சொல்லின.

"பத்திரிகையிலருந்து வரேன் அண்ணே. விளையாட்டுப் பக்கம், பத்மா."

அவர் என்னைப் பார்க்கவில்லை, திரும்பிச் சுவரைப் பார்த்தார். நானும் பார்த்தேன். சாமிப் படங்களுக்குப் பக்கத்தில், கண்ணாடிச் சட்டம் போட்டு, நான் எழுதிய அந்த நான்கு பத்தி மாட்டியிருந்தது. ஓடவும் தெரியும், எறியவும் தெரியும். எழுத்து அப்படியே இருந்தது. படம் மட்டும் வேறு. கிள்ளான் பெண்ணின் முகத்துக்கு மேலே டெங்கில் பெண்ணின் பாஸ்போர்ட் படத்தைப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். சின்னப் படம், அதனால் சுற்றிலும் மற்றவளின் தோளும் ஓட்ட உடுப்பும் தெரிந்தன.

"அத எழுதினது நீங்களாம்மா?"

"நான்தான் அண்ணே."

"படம் மாறி வந்துருச்சு. அதான் நானே ஒட்டிட்டேன்," என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். எனக்கு அந்த நேரத்தில் கொஞ்சம் கோபம் தேவைப்பட்டது. இரண்டு திட்டு திட்டியிருந்தால் நிமிர்ந்து நின்றிருப்பேன்.

மகேஸ்வரி உள்ளேயிருந்து வந்தாள். பெரிய தோள், அழுது வீங்கிய முகம். நான் கேட்க வாய் திறப்பதற்குள் கையிலிருந்த கடிதத்தை நீட்டினாள். அவள் முழுப் பெயர், அப்பா பெயர், அடையாள அட்டை எண், எல்லாம் அதில் இருந்தது. இரண்டு நாளுக்கு முன், புதன்கிழமை வந்த கடிதம். முட்டி வலி தாங்காமல் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் ஒரு டப்பா மாத்திரை வாங்கித் தின்றிருக்கிறாள். வேர்மூலிகை என்று சொல்லி விற்றதாம். உள்ளே என்ன இருந்ததோ, சோதனையில் மாட்டிக்கொண்டது.

"கேட்டுட்டுத் தின்னுருக்கணும் ஆன்டி. தப்பு என்னோடதுதான். கிள்ளான் மகேஸ் போன் பண்ணிக்கிட்டே இருக்கா. எடுத்து என்ன சொல்றதுன்னு தெரியல."

மாணிக்கம் நடுவில் வந்து நின்றார். "அம்மா, திங்கக்கிழம அவங்களே சொல்லட்டும்மா. உங்க பேப்பர்ல வேணாம். இந்தத் தாமான்ல எல்லார் வீட்டுக்கும் உங்க பேப்பர்தான் வருது. நாளைக்கு நான் எப்படி வெளிய தல காட்டறது?"

திங்கட்கிழமைக்குள் கிள்ளான் பெண்ணின் இடம் போய்விடும் என்று எனக்குத் தெரியும். இந்த மனிதரின் முகத்தையும் பார்க்க முடியவில்லை. கடிதம் அவர்கள் வீட்டுக் கடிதம். அதைப் பார்த்தேன் என்பதற்காக எடுத்துக்கொண்டு ஓடிவிட முடியுமா? அப்பா வேண்டாம் என்கிறார், மகள் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறாள். நான் சும்மா நின்றேன். சில நேரம் வாயை மூடிக்கொண்டு நிற்பதுதான் நம் வேலை.

மகள்தான் நிமிர்ந்தாள். சுவரைக் கையால் காட்டினாள்.

"அன்னிக்கு என் தங்கத்த அவளுக்குக் கொடுத்துட்டீங்க ஆன்டி. இன்னிக்கு இதையும் அவளுக்கே கொடுத்துடாதீங்க. என் பேருலயே போடுங்க. படத்தோட போடுங்க. படம் இல்லாமப் போட்டீங்கன்னா மறுபடியும் அவ மூஞ்சிதான் எல்லாருக்கும் ஞாபகம் வரும்."

அப்பாவைப் பார்த்து, "அவ அன்னிக்கு மாலைய வாங்கிக்கலப்பா," என்றாள்.

மாணிக்கம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு, "சட்டைய மாத்திட்டு வாம்மா. இந்தச் சட்டைல படம் எடுத்தா நல்லா இருக்காது," என்றார்.

வீட்டு வாசலில், லோரிக்குப் பக்கத்தில் வைத்து என் கைபேசியிலேயே படம் எடுத்தேன். கேமராவை நேராகப் பார்த்தாள். காரில் உட்கார்ந்து செய்தியைத் தட்டச்சு செய்து, அவளிடமே படித்துக் காட்டி, அலுவலகத்துக்கு அனுப்பும்போது ஐந்து நாற்பது. இரண்டு நிமிஷத்தில் ஆசிரியரின் அழைப்பு.

"பத்மா, செய்தி சரி. கிள்ளான் பொண்ணு இல்லைன்னு தெளிவா வந்துருச்சு. ஆனா கடைசிப் பத்தியில இளையோர் போட்டியில தங்கம் வாங்கினவரும் இவரேன்னு போட்டுருக்கீங்களே, நம்ம பேப்பர் அன்னிக்குத் தப்பாப் படம் போட்டுச்சுன்னு வேற எழுதிருக்கீங்க. தடைச் செய்தியில எதுக்கு இதெல்லாம்? வெட்டிடவா?"

"வேணாம் ஐயா. தங்கமும் அவளோடது, தடையும் அவளோடது. ஒண்ண மட்டும் கொடுத்தா அது நியாயமில்ல. தப்பு போட்டது நான். என் பேரையும் சேர்த்துப் போடுங்க."

மறுமுனையில் பெருமூச்சு. பிறகு, "பக்கம் போகுது," என்றார்.

மறுநாள் காலைக்குள் அந்த நான்கு தளங்களும் சத்தமில்லாமல் படத்தை மாற்றிவிட்டன. ஒருவர்கூட மன்னிப்பு என்ற சொல்லைப் பயன்படுத்தவில்லை. கிள்ளான் பெண்ணின் கோச் எங்கள் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு போய் அதிகாரிகளின் மேசையில் வைத்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். புதன்கிழமை அவள் விமானம் ஏறினாள். அங்கே ஐந்தாவதாக வந்தாள். அதையும் சரியான படத்தோடுதான் போட்டோம். அவளை வழியனுப்ப விமான நிலையத்துக்குக் கூட்டத்தோடு கூட்டமாக டெங்கில் மகேஸ்வரியும் போயிருக்கிறாள். இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுத படத்தை நிருபர் அனுப்பினார். அதை நான் போடவில்லை. அது அவர்கள் இரண்டு பேருக்குமானது.

அந்த வெள்ளிக்கிழமையை நினைத்து இன்றும் நெஞ்சை நிமிர்த்திக்கொள்கிறேன். விருது ஒன்றிரண்டு என் அலமாரியில் உண்டு. அவற்றைத் துடைப்பதுகூட இல்லை. நாடே ஒரு பெண்ணின் முகத்தைத் தப்பாகப் பார்த்துக்கொண்டிருந்த மதியத்தில், எங்கள் சின்னப் பத்திரிகை மட்டும் இரண்டு பெண்களையும் அவரவர் இடத்தில் நிறுத்தியது. பெரிய பத்திரிகைக்காரர்கள் அதன் பிறகு ஒரே பெயரில் இரண்டு பேர் வந்தால் எனக்குத்தான் போன் போட்டார்கள். நான் முதலில் அவர்களிடம் அப்பா பெயர் கேட்பேன்.

தடைக்காலம் முடிந்து டெங்கில் மகேஸ்வரி திரும்பி வந்தாள். நான் ஓய்வு பெற்ற வாரத்தில் மாநிலப் போட்டி நடந்தது, குண்டு எறிதலில் வெள்ளி வாங்கினாள். நான் கடைசியாகச் செய்த பக்கம் அதுதான். முழுப் பெயர், அப்பா பெயர், ஊர், கை நிறையக் குண்டோடு மூன்று பத்தி அகலத்தில் அவள் படம். அடியில் போட்ட வரியை ஏழு தடவை சரிபார்த்தேன். சிரிக்காதீர்கள், நீங்களும் ஒருநாள் பார்ப்பீர்கள்.

அந்தப் பக்கத்துக்குச் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டு நானே டெங்கிலுக்குப் போனேன். மகேஸ்வரி பயிற்சிக்குப் போயிருந்தாள். தடைச் செய்தி வந்த பக்கத்தை மடித்துத் தன் விளையாட்டுப் பையிலேயே வைத்திருக்கிறாளாம், யாராவது வலிக்கு மாத்திரை நீட்டினால் எடுத்துக் காட்டுவதற்கு. மாணிக்கம் அண்ணன் தேநீர் கொடுத்துவிட்டு, சுத்தியலை எடுத்து, பழைய சட்டத்துக்குப் பக்கத்திலேயே புதியதை மாட்டினார். தள்ளி நின்று பார்த்து, வளைந்திருக்கிறது என்று இன்னொரு முறை சரி செய்தார். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. பழையதில் அந்தச் சின்னப் பாஸ்போர்ட் படமும், அதைச் சுற்றி வேறொருத்தியின் தோளும் அப்படியே தெரிந்தன. என்னால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"இப்பத்தான் சரியானது வந்துருச்சே அண்ணே. அந்தப் பழசக் கழட்டிடலாமே," என்றேன்.

"இருக்கட்டும்மா," என்றார் மாணிக்கம். "இது நீங்க போட்ட படம். அது நான் போட்ட படம்."